அத்தியாயம் 9: காலை எடுத்தும் அடங்காத ஆக்சிலேட்டர்

பழைய காரில் பிரேக்குக்கு அடுத்தபடி தள்ளிப்போடவே கூடாத கோளாறு இது. காலை எடுத்த பிறகும் ரேஸ் குறையவில்லை, அல்லது மிதித்தால் முதலில் அசையாமல் இருந்து பிறகு சட்டென்று பாய்கிறது என்றால், வண்டியை அன்றே நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும். “ரெண்டு நாளா லேசா பிடிக்குது, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்” என்று ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. லேசாகப் பிடிக்கும் கேபிள் எந்த மிதியில் முழுதாகப் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த அத்தியாயம் முழுவதும் கார்புரேட்டர் வைத்த மாருதி 800-ஐ முன்னால் வைத்துத்தான் பேசுகிறேன். 1983 டிசம்பரில் முதல் வண்டி கைமாறியதிலிருந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றதுவரை, நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்களின் முதல் கார் பெரும்பாலும் அதுதான். 796 சிசி, மூன்று சிலிண்டர், பானட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும். 2000-ஐ ஒட்டி அது கார்புரேட்டரை விட்டு, எம்.பி.எஃப்.ஐ. என்னும் பெட்ரோல் தெளிப்பு முறைக்கு மாறிவிட்டதால், இன்று ஓடும் கார்புரேட்டர் 800 எதுவும் கால் நூற்றாண்டைத் தாண்டியதாகவே இருக்கும். ஆம்னி, பிரீமியர் பத்மினி, அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கும் சோதிக்கும் முறை இதேதான். பாகங்கள் உட்கார்ந்திருக்கும் இடம்தான் மாறும்.

ஓடும்போதே மாட்டிக்கொண்டால்

பழுது பார்ப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கிளட்சை முழுதாக மிதித்து, கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். சக்கரத்துக்குப் போகும் விசை அந்த நொடியே அறுந்துவிடும். இன்ஜின் அலறும். அலறட்டும். பிரேக்கை ஒரே மிதியாக, அழுத்தமாக மிதித்து, விடாமல் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் ஒதுங்குங்கள். வண்டி கட்டுக்குள் வந்ததும் சாவியை ஒரு படி மட்டும் பின்னால் திருப்பி இன்ஜினை அணையுங்கள். சாவியை உருவிவிடாதீர்கள், உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டிகளில் ரேஸுக்கு மேல்வரம்பு வைக்கும் மின்னணு ஏற்பாடு கிடையாது என்பதால், நியூட்ரலில் நெடுநேரம் அலறவிடவும் கூடாது.

பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பூஸ்டர் உள்ள வண்டியில், உங்கள் கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுப்பது இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம். ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போதுதான் அந்த வெற்றிடம் பலமாக இருக்கும். முழுதாகத் திறந்து மாட்டிக்கொண்டால் கிட்டத்தட்ட இல்லாமலே போகும். பூஸ்டருக்குள் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் காணும். விட்டுவிட்டு மிதித்தால் அந்த இருப்பும் காலி; பெடல் கல்லாகிவிடும்.

பெடலுக்குக் கீழே குனிந்து கையால் இழுத்துவிடலாம் என்று ஓடும் வண்டியில் முயலாதீர்கள். கால் நுனியால் பெடலை ஒருமுறை மேல்நோக்கி நெம்பிப் பார்க்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

சில பழைய டீசல் வண்டிகளில் இன்ஜினை நிறுத்தத் தனிக் குமிழ் இருக்கும். சாவியைத் திருப்பினால் மட்டும் நிற்காது. அப்படிப்பட்ட வண்டி உங்களிடம் இருந்தால், அந்தக் குமிழ் சுலபமாக இழுபடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கோளாறைச் சரியாகச் சொல்வது

“ஆக்சிலேட்டர் பிடிக்குது” என்று சொல்லிப் பட்டறைக்கு வருகிறவர்களின் வண்டியில் மூன்று வெவ்வேறு கோளாறுகளில் ஏதோ ஒன்று இருக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் கேபிளை மாற்றி, ஸ்பிரிங்கை மாற்றி, கடைசியில் கார்புரேட்டரையும் மாற்றிப் பணத்தை விடுகிறவர்கள் ஏராளம்.

ஒன்று, திறந்த நிலையில் பிடிப்பது. காலை எடுத்தாலும் பெடல் கீழேயே நிற்கும், அல்லது ஆமை வேகத்தில் மேலே வரும். ஆபத்தானது இதுதான்.

இரண்டு, மூடிய நிலையில் பிடிப்பது. சிக்னலில் நின்று கிளம்பும்போது லேசாக மிதித்தால் அசையாது. கொஞ்சம் அழுத்தினால் படக்கென்று விடுபட்டு வண்டி முன்னால் துள்ளும். நெரிசலில் முன்னால் நிற்கும் ஆட்டோவின் பின்பக்கத்தில் இடிப்பது இப்படித்தான்.

மூன்று, உண்மையில் எதுவுமே பிடிக்கவில்லை, ஆனால் ரேஸ் மட்டும் இறங்கவில்லை. பெடல் மேலே வந்துவிட்டது, கேபிளும் தளர்ந்துவிட்டது, இன்ஜின் மட்டும் கத்திக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு கார்புரேட்டரின் பக்கவாட்டைப் பாருங்கள். கேபிள் வந்து மாட்டும் லிவரின் ஒரு முனை, ஐட்லிங் ஸ்குரூவின் நுனியில் வந்து முட்டி நிற்க வேண்டும். முட்டி நின்ற பிறகும் ரேஸ் அதிகமாக இருக்கிறது என்றால் கேபிளையும் ஸ்பிரிங்கையும் தொடாதீர்கள். எங்கோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது: கார்புரேட்டருக்கு அடியில் உள்ள காஸ்கெட் விரிசல் விட்டிருக்கும், வெற்றிடக் குழாய் ஒன்று கழன்றிருக்கும். அல்லது யாரோ ஐட்லிங்கைக் கூட்டி வைத்திருப்பார்கள். லிவர் அந்த ஸ்குரூவைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்கிறது என்றால்தான் எதுவோ பிடிக்கிறது.

இன்னொரு கேள்வியையும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தொல்லை தொடங்குவதற்கு முன் வண்டியில் கடைசியாக நடந்த வேலை என்ன? ஹெட் இறக்கியது, பேட்டரி மாற்றியது, ஏ.சி. போட்டது, கேஸ் கிட் மாட்டியது, புது மேட் விரித்தது, எதுவானாலும் சரி. பாதி நேரம் விடை அங்கேயே இருக்கும். பேட்டரியை இறுக்கும் கம்பிக்கு அடியில் கேபிள் நசுங்கிக் கிடப்பதும், ஏர் கிளீனரைச் சற்றுத் திரும்பிய வாக்கில் வைத்ததால் அதன் அடிப்பாகம் லிவரை உரசுவதும் அன்றாடம் நடப்பவை.

எந்த முனையில் பிடிக்கிறது?

பெடல், கேபிள், கார்புரேட்டர் என்று மூன்றும் கோத்துக்கொண்டு நிற்கின்றன. ஊகிப்பதை விட்டுவிட்டு நடுவில் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் சொல்லித்தரும் ஒரே வித்தை. இன்ஜின் அணைந்து ஆறியிருக்க வேண்டும். சாவி வெளியே இருக்க வேண்டும்.

முதலில் ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பெடலைக் கையால் மெதுவாக அழுத்தி விடச் சொல்லுங்கள். நீங்கள் பானட் பக்கம் நின்று லிவரைக் கவனியுங்கள். விட்டதும் லிவர் ‘டக்’ என்று ஸ்குரூவில் வந்து மோத வேண்டும். அந்தச் சத்தம் கேட்கவில்லை, லிவர் தயங்கித் தயங்கி வருகிறது என்றால் அடுத்த படி.

லிவரைக் கையால் சற்றுத் திறந்து பிடித்துக்கொண்டு, கேபிள் நுனியிலுள்ள ஈயக் குண்டை, பட்டறையில் நிப்பிள் என்பார்கள், அதன் குழியிலிருந்து விடுவியுங்கள். இப்போது கார்புரேட்டர் தனி, கேபிள் தனி. லிவரை மட்டும் விரலால் முழுதாகத் திறந்து விடுங்கள். ‘டக்’ என்று திரும்பினால் கார்புரேட்டர் நிரபராதி. திரும்பவில்லை என்றால் கேபிளை மறந்துவிடுங்கள்.

கார்புரேட்டர் நன்றாக இருந்தால், தொங்கும் கேபிளின் உள்வயரைப் பிடித்து இழுத்து விட்டுப் பாருங்கள். பெடல் கூடவே அசையும். இறுக்கமாக இருந்தால் உள்ளே போய்ப் பெடல் முனையிலும் கேபிளைக் கழற்றுங்கள். இப்போது பெடலைத் தனியாக ஆட்டலாம், உள்வயரைத் தனியாக இருபக்கமும் இழுக்கலாம். இந்த இரண்டில் எது முரண்டு பிடிக்கிறதோ அதுதான் குற்றவாளி. கால் மணி நேர வேலை, செலவு ஒரு பைசா இல்லை.

பெடல் பக்கம்

இங்கே முதல் சந்தேகம் மேட்டின் மீதுதான். தரைவிரிப்பின்மேல் ரப்பர் மேட், அதன்மேல் மழைக்காலத்துக்கு என்று இன்னொன்று, அதற்கும் மேல் தடித்த பிளாஸ்டிக் தட்டு மேட் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். முழுதாக மிதிக்கும்போது பெடலின் கீழ்முனை மேட்டின் விளிம்பில் போய் மாட்டிக்கொள்ளும். இதை அற்பமாக நினைக்க வேண்டாம். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஒரு லெக்சஸ் கார் கட்டுக்கடங்காமல் ஓடி, அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். வேறு மாடலுக்கான மேட் அந்தக் காரில் போடப்பட்டிருந்தது. அது பெடலைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி, அனுபவமில்லாதவர் அல்ல. அதே ஆண்டு டொயோட்டா நிறுவனம் மேட் பிரச்சினைக்காகவே சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

ஓட்டுநர் பக்கம் ஒரே ஒரு மேட், அந்த மாடலுக்கு வெட்டியது, முன்னால் நகராதபடி கொக்கியிட்டது. அவ்வளவுதான். சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம்.

மேட் சரியாக இருந்தால், பெடல் தொங்கும் அச்சைப் பாருங்கள். மழைநீர் கசியும் வண்டிகளில், கடலோர ஊர்களில், இந்த அச்சு துருப்பிடித்து இறுகும். டபிள்யூ.டி.-40 அடித்துத் துருவை இளக்கி, துடைத்து, பிறகு துளி கிரீஸ் வையுங்கள். இங்கே கிரீஸ் நல்லது. கேபிளுக்குள்ளும் கார்புரேட்டரிலும் கிரீஸ் ஆகாது.

கேபிள்

திறந்த நிலையில் பிடிக்கும் கோளாறுக்கு என் அனுபவத்தில் முதல் காரணம் கேபிள்தான். உள்ளே பல மெல்லிய எஃகு இழைகள் முறுக்கிய வயர், வெளியே அவுட்டர், நடுவில் வழுவழுப்பான பிளாஸ்டிக் உறை. வயர் எங்கே வளைந்து எங்கே நிப்பிளில் முடிகிறதோ அங்கே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, முள்போல வெளியே நீட்டிக்கொள்ளும். மிதிக்கும்போது அந்த முள் அவுட்டரை விட்டு வெளியே வந்துவிடும்; திரும்பும்போது அவுட்டரின் வாயில் குத்திக்கொண்டு உள்ளே போக மறுக்கும். அதனால்தான் பிரிந்த கேபிள் திறப்பதற்குச் சிரமம் கொடுக்காது, மூடுவதற்குத்தான் கொடுக்கும்.

கண்ணுக்குத் தெரியாத முள்ளையும் கண்டுபிடிக்கப் பழைய பருத்தித் துணி ஒன்று போதும். வயரை முழுதாக வெளியே இழுத்து, துணியால் சுற்றிப் பிடித்து, நுனிவரை மெல்ல வழியுங்கள். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் துணியின் நூல் அங்கே மாட்டும். வெறும் விரலால் வழித்தால் விரலில் ஏறிவிடும், எடுப்பது பெரும்பாடு. துணி ஓரிடத்தில் மாட்டினாலே கேபிள் ஆயுள் முடிந்தது என்று வையுங்கள். அறுந்த இழையை மட்டும் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு ஓட்டலாம் என்று சொல்கிற மெக்கானிக்கிடம் வேறு எந்த வேலையையும் கொடுக்காதீர்கள்.

இழை அறவில்லை, ஆனாலும் இறுக்கமாக இருக்கிறது என்றால் கேபிள் போகும் பாதையைப் பாருங்கள். கூரான வளைவு கூடாது. சைலன்சர் குழாய் தொடங்கும் சூடான பகுதியைத் தொட்டுக்கொண்டு போனால் உள்ளே உறை உருகி வயரைக் கவ்வும். இன்ஜின் சூடேறிய பிறகு மட்டும் பிடிக்கும் கோளாறுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குளிர்ந்த காலையில் மட்டும் பிடித்து, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறதா? அப்படியானால் யாராவது கேபிளுக்குள் தேங்காய் எண்ணெய் விட்டார்களா என்று விசாரியுங்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் குளியலறைப் பாட்டிலில் பார்க்கிறோமே, அதேதான் கேபிளுக்குள்ளும் நடக்கிறது. வெயில் ஏறியதும் இளகிவிடும், ஆனால் நாளடைவில் பிசினாகித் தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடும். கிரீஸும் இதே வேலையைத்தான் செய்யும். பிளாஸ்டிக் உறை உள்ள கேபிளுக்கு எண்ணெயே தேவையில்லை. உலர்ந்த நிலையில் ஓடவே அது செய்யப்பட்டது. உறை இல்லாத பழைய வகைக் கேபிளாக இருந்தால் மட்டும், ஒரு முனையை மேலே கட்டித் தொங்கவிட்டு, தையல் மிஷின் எண்ணெயைத் துளித்துளியாக விட்டு, மறுமுனையில் சொட்டும்வரை காத்திருங்கள். அதற்கும் மசியாத கேபிளை மாற்றிவிடுங்கள். விலை சில நூறு ரூபாய்தான்.

வாங்கும்போது பழைய கேபிளைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரே 800-க்கு கார்புரேட்டர் மாடலுக்கும் எம்.பி.எஃப்.ஐ. மாடலுக்கும் கேபிள் வேறு. ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் அதன் பாதையே தனி. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி உதிரிபாகக் கடைகள் நிறைந்த தெருவில், இரண்டையும் பக்கத்தில் வைத்து அவுட்டரின் நீளம், உள்வயர் வெளியே நீளும் அளவு, நிப்பிளின் வடிவம் மூன்றையும் ஒப்பிட்டு வாங்கலாம். பழைய வண்டியிலிருந்து கழற்றிய கேபிள் மட்டும் எந்த விலைக்கும் வேண்டாம்.

மாட்டும்போது பழைய பாதையைக் கழற்றும் முன்பே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. கேபிள் இன்ஜின் அறையிலிருந்து உள்ளே நுழையும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு அவுட்டரை அறுக்கும். கடைசியில் கார்புரேட்டர் அருகேயுள்ள இரட்டை நட்டுகளைத் திருகி இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். காலை எடுத்த நிலையில் உள்வயர் சற்றே தொய்ந்திருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் ஐட்லிங் ஏறும். அதேபோல, ஒருவர் பெடலைத் தரைவரை மிதிக்கும்போது லிவர் அதன் கடைசித் தடுப்பைத் தொடுவதும், பெடல் தரையில் உள்ள தடுப்பைத் தொடுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். லிவர் முன்னதாகவே முட்டிவிட்டால், மிதிக்கும் பலம் முழுவதும் கேபிளில் ஏறி, புதுக் கேபிளும் சில மாதங்களில் பிரிந்துவிடும்.

கார்புரேட்டர்

காற்று போகும் குழாயின் உள்ளே, குறுக்கே போகும் ஷாஃப்டில் பொருத்திய ஒரு வட்டத் தகடு. ஆக்சிலேட்டரை மிதித்தால் திறந்து, விட்டால் மூடும். பட்டறை மொழியில் பட்டர்ஃபிளை. அது மூடி நிற்கும் விளிம்பில் பெட்ரோல் ஆவியும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து கறுப்புப் பிசினாகப் படியும். மூடிய நிலையில் பிடித்துக்கொண்டு துள்ளும் கோளாறுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் இது சீக்கிரம் வரும். இப்போது நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் உலோக உடலில் வெள்ளைப் பொடியாக அரிப்பு பிடிக்கும், ஷாஃப்ட் இறுகும். பழைய வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தாமல் வாரம் ஒருமுறையாவது ஓட்டச் சொல்வது இதனால்தான்.

சுத்தம் செய்ய கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே, பழைய பல் துலக்கும் பிரஷ், துணி. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். லிவரைத் திறந்து பிடித்து, தகட்டின் விளிம்பையும் குழாய்ச் சுவரையும் தேய்த்துத் துடைக்க வேண்டும். எமரி பேப்பரோ ஸ்குரூ டிரைவர் நுனியோ உள்ளே போகக் கூடாது. பிறகு ஷாஃப்ட் வெளியே வரும் இரு முனைகளிலும் ஸ்பிரே அடித்து, முன்னும் பின்னும் ஆட்டி, கறுப்பு நீர் வழிவது நின்றதும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி. ஒரு துளி என்றால் ஒரு துளிதான்.

தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு ஸ்குரூக்களைக் கழற்றாதீர்கள். கழன்று விழாமலிருக்க அவற்றின் நுனியைத் தட்டி விரித்திருப்பார்கள். கழற்றி மாட்டியவர் மறுபடி விரிக்காமல் விட்டால், ஸ்குரூ என்றாவது இன்ஜினுக்குள் விழும். தகட்டின் விளிம்பும் சரிவாகச் சீவப்பட்டது. திருப்பி மாட்டினால் குழாய்க்குள் ஆப்படித்ததுபோல் இறுகிவிடும்.

சுத்தம் செய்த பிறகும் மூடிய நிலையில் கவ்வுகிறதென்றால், ஐட்லிங் ஸ்குரூவை யாரோ அளவுக்குமேல் பின்வாங்கி வைத்திருப்பார்கள். தகடு குழாய்ச் சுவரில் போய் முட்டாமல் தடுப்பதே அந்த ஸ்குரூதான்.

ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறதா? அதன் துளை தேய்ந்துவிட்டது. இது வீட்டில் செய்யும் வேலை இல்லை. துளையைக் கடைசல் பிடித்துப் புஷ் போடத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது கார்புரேட்டரை மாற்றுங்கள்.

சோக்கை மறந்துவிடுகிறார்கள். 800-இல் டேஷ்போர்டில் இழுக்கும் சோக் குமிழ், கார்புரேட்டரில் சோக் தகட்டை மூடுவதோடு ஆக்சிலேட்டர் லிவரையும் சற்றுத் திறந்து வைக்கும். குமிழை உள்ளே தள்ளிய பிறகும் அதன் கேபிள் பாதியில் நின்றுவிட்டால், ஆக்சிலேட்டர் பிடித்திருப்பதாகவே தோன்றும். பானட் பக்கம் நின்று, சோக் லிவர் முழுதாகத் திரும்பியதா என்று கண்ணால் பாருங்கள். ஏ.சி. வண்டியில், ஏ.சி. போட்டதும் ஐட்லிங்கைத் தூக்கிவிடும் சிறு டயஃப்ரம் ஒன்று உண்டு. ஏ.சி.யை அணைத்த பிறகும் அதன் கம்பி பின்வாங்காமல் நின்றால் இதே கதைதான்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் ஈரப்பனியில் ஓட்டும்போது மட்டும் வரும் ஒரு வகை உண்டு. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டர் இன்னும் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் தகட்டின் விளிம்பில் பனிக்கட்டியாக உறையும். வண்டியை ஓரங்கட்டிச் சில நிமிடங்கள் நிறுத்தினால் இன்ஜின் சூட்டில் உருகி, ஒன்றுமே நடக்காததுபோல் ஆகிவிடும். பட்டறையில் எவ்வளவு தேடினாலும் அகப்படாது. ஏர் கிளீனரின் வாயில் கோடைக்கும் குளிருக்கும் மாற்றும் வசதி உங்கள் வண்டியில் இருந்தால், மலை ஏறும் முன் குளிர் பக்கம் மாற்றுங்கள்.

ஸ்பிரிங் என்னும் தப்பு வைத்தியம்

ஆக்சிலேட்டர் திரும்பவில்லை என்றதும் பலமான ஸ்பிரிங் ஒன்றை மாட்டிவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருக்கும் வண்டிகளும் ஓடுகின்றன. இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். ஸ்பிரிங்குக்குப் பலம் போனதால் பிடிப்பு வருவது அபூர்வம். உராய்வு கூடியதால்தான் வருகிறது. பலமான ஸ்பிரிங் அந்த உராய்வைக் கொஞ்ச நாள் மறைக்கும். பெடல் கனமாகும், அதனால் கேபிள் இன்னும் வேகமாகப் பிரியும், ஷாஃப்ட் ஒரு பக்கமாகத் தேயும். கடைசியில் அந்த ஸ்பிரிங்கையும் மீறிப் பிடிக்கும்போது வண்டி நெடுஞ்சாலையில் இருக்கும். டியூப் ரப்பரோ இன்ஜின் சூட்டில் வெந்து, ஒரு நாள் அறும்.

ஸ்பிரிங்கை மாற்ற வேண்டிய நேரமும் உண்டு: துருவேறியிருந்தால், கொக்கி தேய்ந்து மெலிந்திருந்தால், சுருள்கள் தளர்ந்து இடைவெளி விட்டிருந்தால். அப்போதும் அந்த மாடலுக்கு உரியதையே போடுங்கள். பல கார்புரேட்டர்களில் ஷாஃப்டைச் சுற்றி ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ஸ்பிரிங் இருக்கும். ஒன்று அறுந்தாலும் மற்றது காப்பாற்றட்டும் என்பதற்காகத்தான் இரண்டு. ஒன்று காணாமல் போயும் வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

இன்ஜின் மவுண்டிங்கையும் ஒருமுறை பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால், வண்டி இழுக்கும்போது இன்ஜின் சாய்ந்து கேபிளைத் தானே இழுக்கும். நிறுத்தியிருக்கும்போது எந்தச் சோதனையிலும் இது தெரியாது. கிளம்பும்போதும் ஏற்றத்திலும் மட்டும் ரேஸ் ஏறும். அணைந்த இன்ஜினைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்து, ரப்பரில் பிளவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டி

எம்.பி.எஃப்.ஐ. 800-இலும் கேபிள் இருப்பதால் பெடல் முதல் கேபிள்வரை சொன்னதெல்லாம் பொருந்தும். கார்புரேட்டர் இருந்த இடத்தில் த்ராட்டில் பாடி. அதைச் சுத்தம் செய்யும்போது ஸ்பிரேயை நேரடியாக ஊற்றாமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். பக்கத்தில் உள்ள சென்சாருக்குள் திரவம் போகக் கூடாது. ஆலையில் பெயின்ட் பூசி வைத்த ஸ்டாப் ஸ்குரூவைத் திருகாதீர்கள்.

பெடலிலிருந்து கேபிளுக்குப் பதில் மின்வயர் போகும் பிந்தைய வண்டிகளில், மேட்டைச் சரிபார்ப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. அந்த வண்டிகளின் தகட்டை விரலால் தள்ளித் திறக்கவே கூடாது.

வேலை முடிந்ததும்

இன்ஜின் அணைந்த நிலையில் பெடலை மெதுவாகவும் வேகமாகவும் இருபது முறையாவது மிதித்து விடுங்கள். ஒவ்வொரு முறையும் அந்த ‘டக்’ கேட்க வேண்டும். பிறகு ஏர் கிளீனரை மாட்டிவிட்டு மறுபடி இதே சோதனை, ஏனென்றால் உரசல் அதை மாட்டிய பிறகுதான் வரும். அடுத்து நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, கைபிரேக் போட்டு, லேசாக ரேஸ் செய்து விடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு இன்னொரு தடவை. அதற்குப் பிறகுதான் ஆள் நடமாட்டமில்லாத தெருவில் ஒரு சுற்று. மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினில், கிளம்பும் முன் ஒருமுறை கையால் அழுத்திப் பாருங்கள்.

காரணம் அகப்படவில்லை என்றால் அந்த வண்டியைப் பட்டறைவரைகூட ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். இழுவைக் கூலி கேபிள் விலையைவிட அதிகம்தான், ஆனாலும் கொடுங்கள்.